'டூரிஸ்ட்டா போங்க, அங்கே வேலை ரெடி'... ஏஜென்ட் இப்படிச் சொன்னால் உஷார்! சுற்றுலா விசா விதிகள் என்ன?

"முதல்ல டூரிஸ்ட்டா போயிடுங்க. அங்க போனதும் வேலை விசாவா மாத்திக்கலாம்." வெளிநாட்டு வேலை தேடுபவர்களிடம் போலி ஏஜென்ட்டுகள் சொல்லும் வழக்கமான வார்த்தை இது.

கள்ளக்குறிச்சி கருணாபுரம், கல்வராயன் மலை கிராமங்கள் போன்ற இடங்களில் அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் அதிகம். 2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளில் சம்பாதிக்கும் ஆளையே இழந்த வீடுகளும் கருணாபுரத்தில் உண்டு. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி விமானம் ஏறி ஏமாந்தால், அந்தக் கடனிலிருந்து மீள்வது ரொம்பக் கஷ்டம். அதனால் சுற்றுலா விசாவில் எது முடியும், எது முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

சுற்றுலா செல்ல என்னென்ன தேவை?

* பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். பெரும்பாலான நாடுகள் இதைக் கேட்கின்றன. 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய்.
* திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.
* மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் செல்பவர்கள் பயணத்துக்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் டிஜிட்டல் வருகை அட்டை பதிவு செய்ய வேண்டும். இது இலவசம். இதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.
* நேபாளம், பூடான் செல்ல இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும்.

'விசா ஃப்ரீ' என்றால் என்ன?

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாட்களுக்கு விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் இது சுற்றிப் பார்க்க மட்டும்தான், வேலை செய்ய அல்ல. கேள்வியே கேட்காமல் உள்ளே விடுவார்கள் என்றும் அர்த்தமில்லை. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் குடியேற்ற அதிகாரிகள் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பலாம். அனுமதித்த நாட்களைத் தாண்டித் தங்கினால் அபராதம், 5 ஆண்டு வரை சிறை என மலேசியச் சட்டம் சொல்கிறது.

விசா சலுகையே மோசடிக்கு வழியாகிப்போன நாடும் உண்டு. விசா இல்லாமல் வரலாம் என்ற வசதியைக் காட்டி இந்தியர்களை ஈரானுக்கு வரவழைத்து, பணத்துக்காகக் கடத்திய சம்பவங்கள் நடந்தன. இதனால் 2025 நவம்பர் 22 முதல் ஈரான் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது.

தமிழ்நாட்டு இளைஞர்களும் தப்பவில்லை. தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போனவர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டு செல்லப்பட்டு ஆன்லைன் மோசடி வேலையில் தள்ளப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தார்கள்.

10-ம் வகுப்பு ஏன் முக்கியம்?

10-ம் வகுப்பு தேர்ச்சி பெறாத பலருக்கும் 'இசிஆர்' வகை பாஸ்போர்ட்தான் கிடைக்கும். இது இருப்பவர்கள் மலேசியா, தாய்லாந்து, சவுதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் மத்திய அரசின் குடியேற்ற அனுமதி கட்டாயம். சுற்றுலாவுக்குப் போனால் அது தேவையில்லை. இந்த இடைவெளியைத்தான் ஏஜென்ட்டுகள் பயன்படுத்துகிறார்கள்.

அனுமதி பெற்று முறையாகப் போனால் வேலை ஒப்பந்தம் அரசுப் பதிவில் இருக்கும். 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் உண்டு. இதற்கான பிரீமியம் 2 ஆண்டுக்கு வெறும் 275 ரூபாய்தான். டூரிஸ்ட்டாகப் போனவருக்கு இந்த இரண்டுமே கிடையாது. சம்பளம் தராவிட்டாலோ, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாலோ, அங்கே புகார் கொடுக்கப் போனால் 'நீ எந்த விசாவில் வேலை செய்தாய்?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

* ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பாருங்கள். பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது சட்டவிரோதம்.
* பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள்.
* வேலை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். சம்பளம், வேலை நேரம், முதலாளியின் பெயர், முகவரி அதில் இருக்க வேண்டும்.
* விசாவில் 'டூரிஸ்ட்', 'விசிட்' என்று இருந்தால் அது வேலை விசா இல்லை.
* தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமாகவும் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஏற்கெனவே போய்ச் சிக்கிக்கொண்டால்?

அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம். வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தினரே ஊரிலிருந்து புகார் பதிவு செய்யலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையின் இலவச எண் 1800 309 3793-க்கும் அழைக்கலாம். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகலை வீட்டில் ஒரு செட் வைத்துவிட்டுப் போங்கள். ஆபத்து நேரத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது அதுதான்.

விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. டிக்கெட் போடும் முன், போகும் நாட்டின் தூதரக இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.