மணலுக்குள் இருக்கும் தண்ணீர்: வடமராட்சிக் கரையில் மூன்று சிறு நடைகள்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் இன்று பேரப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு ஒரு பகுதியினர் திரும்பியிருக்கிறார்கள். ஏனையோர் இன்னும் வாடகை வளவிலும் உறவினர் காணியிலும் இருக்கிறார்கள். துலா மிதித்து, பட்டை பிடித்து, செம்மண் தோட்டத்துக்கு இறைத்த தலைமுறைக்குத் தண்ணீரின் குணம் தெரியும். தோட்டம் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நடந்து காட்டலாம். வடமராட்சியின் கரையோரம் அதற்கு நல்ல பள்ளிக்கூடம். பஸ் காசும் ஒரு போத்தல் தண்ணீரும் போதும். முதியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து போகக்கூடிய மூன்று நடைகளை இங்கே தருகிறோம். மூன்றும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: வற்றாத ஆறு ஒன்றுமே ஓடாத இந்தக் குடாநாட்டில், கடலுக்கு இவ்வளவு அருகில், கிணற்றுத் தண்ணீர் எப்படி நன்னீராக இருக்கிறது?

முதல் நடை: சக்கோட்டை முனை

பருத்தித்துறைக்கு மேற்கே உள்ள சக்கோட்டை முனை இலங்கையின் வட அந்தம். இங்கிருந்து பருத்தித்துறைப் பக்கமாகக் கரைவழியே நடந்தால் வள்ளங்களும் காயும் வலைகளும் ஒருபுறம், வீடுகள் மறுபுறம். காலடியில் இருப்பது கல். பருத்தித்துறைக்குப் போர்த்துக்கேயர் இட்ட பெயரின் பொருளும் 'கற்களின் முனை' என்பதுதான்.

இந்தக் கல்லைப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். துளைகளும் சிப்பி அடையாளங்களும் நிறைந்த சுண்ணாம்புக் கல் இது. நமது வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பதும் சுண்ணாம்புக் கல்லே. மாரி மழை இதன் வெடிப்புகளால் இறங்கி அடியில் தங்குகிறது. மிஞ்சிய தண்ணீர் கடலை நோக்கிக் கசிகிறது. கீரிமலைக் கேணியில் கடலருகே நன்னீர் ஊறுவதைக் கண்டவர்கள் இதை உடனே விளங்கிக்கொள்வார்கள்.

இரண்டாம் நடை: வல்லிபுரம்

பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே ஐந்தாறு கிலோமீற்றர் போனால் வல்லிபுர ஆழ்வார் கோயில். மூலத்தானத்தில் சக்கரம் வைத்து வழிபடும் கோயில் இது. புரட்டாதித் திருவிழாவில் கடல் தீர்த்தத்துக்கு அடியார்கள் மணலில் நடந்து போகும் வழிதான் நமது நடைவழி. மற்ற நாட்களில் அங்கே காற்றின் சத்தம் மட்டுமே கேட்கும்.

கல் முடிந்து மணல் தொடங்கும் இடம் இது. சுற்றியுள்ள மேடுகளில் பழைய மட்பாண்ட ஓடுகள் சிதறிக் கிடக்கும். 1936இல் இங்கே கண்டெடுக்கப்பட்ட பொன்னேடு ஒன்றில் வசப மன்னன் காலத்து எழுத்துகள் உள்ளன. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முற்பட்டது அது. அதன் வாசிப்பைப் பற்றி அறிஞர்கள் வாதாடட்டும். நமக்கு வேண்டிய செய்தி, அத்தனை காலத்துக்கு முன்பே இந்த மணலில் மனிதர் குடியிருந்தனர் என்பதாகும். குடிதண்ணீர் இல்லாத இடத்தில் ஊர் உண்டாகாது. ஓடுகளைப் பிள்ளைகள் பார்க்கலாம், ஆனால் எடுத்து வரக்கூடாது. கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அவை நாளைய ஆய்வாளருக்குச் சாட்சி சொல்லும்.

மூன்றாம் நடை: மணற்காடு

குடத்தனையிலிருந்து கடற்பக்கமாகத் திரும்பினால் மணற்காடு. மீன்பிடிக் குடும்பங்களின் ஊர். இங்கே பழைய அந்தோனியார் கோயிலை மணல் மூடியது. கூரை போய், கற்சுவர்கள் மட்டும் மணலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கின்றன. மணலில் வீடு கட்டியவனைப் பற்றிய ஆண்டவரின் உவமை இவ்விடத்தில் நினைவுக்கு வரும். மணல் அசைவது. அதை யாராவது பிடித்து நிறுத்த வேண்டும்.

பிடித்து நிறுத்துபவர்களை இந்த நடையில் ஒவ்வொருவராகச் சந்திக்கலாம். கடலுக்கு மிக அருகே அடம்பன் கொடி. சற்று மேலே, முள்ளுருண்டையாகக் காற்றில் உருளும் இராவணன் மீசை. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நாம் சொல்லும் பழமொழியின் பொருளை இங்கே கண்ணால் காணலாம். தனிக்கொடியை ஒரு குழந்தை பிடுங்கிவிடும். பின்னிப் படர்ந்த கொடிகளோ ஒரு மணற்குன்றையே கட்டி வைக்கின்றன.

அதற்கு அப்பால் சவுக்கங்காடு. வெயில் ஏறிய பின்னும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். சவுக்கின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர், பயற்றஞ்செடியின் வேரில் நடப்பதுபோலவே, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. ஆகையால்தான் சத்தற்ற வெறும் மணலிலும் அது வளர்கிறது.

2004 மார்கழி 26ஆம் நாள் வந்த சுனாமியில் மணற்காடும் தன் மக்களை இழந்தது. அங்குள்ள கல்லறைகளுக்கு அருகில் சற்று நேரம் மௌனமாக நின்று செபித்துச் செல்லுங்கள்.

மணலை அள்ளினால் என்ன போகும்?

இப்போது நமது கேள்விக்கு வருவோம். மழைநீர் மணலில் இறங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே நிலத்தடியில் அது உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இதன் மறுபக்கம் பயங்கரமானது. மேல்மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழிருந்து உப்பு காலப்போக்கில் 40 அடி ஏறிவரும்.

மணற்குன்று மழையைப் பிடித்து மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. அதை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி விற்றால், அந்த மணலோடு ஊரின் தண்ணீரும் போகிறது. கடலைத் தடுக்கும் அணையும் போகிறது. 2004இல் யால கரையில், ஒரு விடுதிக்காக மணற்குன்று வெட்டப்பட்டிருந்த இடத்தால் அலை உள்ளே பாய்ந்து அழிவு செய்ததை ஆய்வாளர் கண்டனர்.

செம்மண் தோட்டத்துக்கும் இதே பாடந்தான். துலா ஒருநாளில் இறைப்பது கொஞ்சம். மறுநாளைக்குள் கிணறு ஊறிவிடும். பம்பு சில மணித்தியாலத்தில் கிணற்றை வற்றவைக்கிறது. அடியிலுள்ள உப்பு மேலே வருகிறது. திரும்பிப் போய்த் தோட்டம் செய்பவர்களும், போகக் காத்திருப்பவர்களும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். காணி திரும்பக் கிடைத்தாலும், கிணறு உவரானால் வெங்காயம் விளையாது.

போகுமுன் கவனிக்க

மாரி ஓய்ந்த பின், தை பிற்பகுதி முதல் பங்குனி வரை நடைக்கு உகந்த காலம். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடியுங்கள். குடிதண்ணீர், தொப்பி, செருப்பு அவசியம். மணற்பாங்கான பற்றைகளில் சுருட்டைப் பாம்பு இருக்கும். தெரியாத கடலில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

மணற்காட்டிலிருந்து தெற்கே நாகர்கோவில் பக்கமாகக் கரைவழியே தொடர்ந்து போகவேண்டாம். நாகர்கோவில் 2000ஆம் ஆண்டுக்குப் பின் பல வருடங்கள் போர் முன்னரங்காக இருந்தது. எந்த ஊரிலும் மக்கள் நாளாந்தம் நடக்கும் பாதையிலேயே நடவுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் அவ்வூர் மக்களிடம் கேளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு எது? அது நன்னீராக இருப்பதற்குக் காரணம் என்ன?

2. உங்கள் சொந்த ஊரில் எந்தக் கிணறு, கேணி, குளம் எங்கே இருந்தது? முதியவர்கள் சொல்ல, பிள்ளைகள் ஒரு வரைபடம் கீறட்டும்.

3. உங்கள் பகுதியில் மணல் அள்ளப்படுகிறதா? அதனால் யாருடைய கிணறு முதலில் உவராகும்? அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து பிரதேச செயலகத்தில் முறையிட யார் முன்வருவீர்கள்?