டயபர் கேட்டு வரும் விண்ணப்பங்கள்: சில விளக்கங்கள்

மருந்து, பள்ளிக் கட்டணம் என்று வரும் விண்ணப்பங்களோடு, கைக்குழந்தைக்கு டயபர் வேண்டும் என்ற விண்ணப்பங்களும் இப்போது நம்மிடம் வருகின்றன. "இது ஆடம்பரம்தானே?" என்று நன்கொடையாளர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை; பழைய வேட்டித் துணியில் வளர்ந்தவர்கள்தாம் நாம். ஆனால் ஒற்றை அறை வீடு, பொதுக் குழாய், விடாத மழை என்றிருக்கும்போது நாளுக்குப் பத்துத் துணிகளை எங்கே துவைத்து எங்கே காயப்போடுவது? தொழுகைக்கு நிற்கும் தாய்க்கு உடை சுத்தமாக இருக்கிறது என்ற நிம்மதியும் சிறிய விஷயமல்ல.

ஒன்று 10 ரூபாய், நாளுக்கு 5 என்று வைத்தாலே மாதம் 1,500 ரூபாய் ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இதன் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தாலும் கூலி வேலைக் குடும்பத்துக்கு இது பாரம்தான். விலைக்குப் பயந்து ஒரே டயபரைக் காலை முதல் மாலை வரை விட்டுவைக்கிறார்கள். நமக்குக் கவலை தருவது இதுதான்.

டயபருக்குள் இருக்கும் பொடி ஈரத்தை உறிஞ்சிக் கூழாக மாறும். சிறுநீரை அது தாங்கும், மலத்தைத் தாங்காது. இரண்டும் கலந்தால் தோல் அரிக்கப்பட்டுச் சிவந்து புண்ணாகும். ஆகவே மலம் கழித்தால் உடனே, இல்லாவிட்டால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் காற்றாட விடுங்கள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். பவுடர் வேண்டாம், பறக்கும் தூள் குழந்தையின் மூச்சுக்குள் போகும். சிவந்தால் துத்தநாக ஆக்ஸைடு களிம்பு போதும். தொடை மடிப்பில் அடர் சிவப்பும் அதைச் சுற்றிப் பொடிப் பொடிப் புள்ளிகளும் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பிஞ்சுத் தோலில் தடவவே கூடாது.

செலவைக் குறைக்க வழி உண்டு. பகலில் வீட்டில் இருக்கும்போது பருத்தித் துணி, இரவிலும் பயணத்திலும் டயபர் என்று வைத்தால் பாதிக்கு மேல் மிச்சம். வாப்பம்மாக்கள் இதைத்தான் சொல்வார்கள். மருமகள்கள் கேட்டால் நல்லது! துணியை நன்றாக அலசி வெயிலில் காயவையுங்கள்.

குப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயபரைச் சுருட்டிப் பழைய செய்தித்தாளில் பொதிந்து தனியாகக் கொடுங்கள். அப்படிப் பொதிந்து தரும்படி 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. திறந்தபடி எறிந்தால் அதை வெறுங்கையால் பிரித்தெடுப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். கழிப்பறைக்குள் போட்டால் ஊறிப் பருத்துக் குழாயை அடைத்துவிடும்.

விண்ணப்பிப்பவர்கள் குழந்தையின் வயதோடு எடையையும் எழுதுங்கள். அளவு எடையை வைத்தே வரும். தங்கள் பிள்ளைக்குச் சிறியதாகிப்போன டயபர்களை வைத்திருப்பவர்கள், பை பிரித்ததாக இருந்தாலும் உள்ளே சுத்தமாக இருந்தால், நம் அலுவலகத்தில் சேர்க்கலாம்.