படகோட்டியின் பாதுகாப்புக் கயிறு

படகின் உள்ளே அமையாமல், அதன் பின்பலகையில் வெளிப்புறமாகப் பூட்டப்படும் இயந்திரம் வெளிப்பொருத்தும் இயந்திரம் எனப்படும். தமிழகக் கடற்கரையில் மீனவர்களின் கண்ணாடியிழைப் படகுகள் பலவும் இவ்வகை இயந்திரத்தால் இயங்குகின்றன. அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரத்தின் ஆற்றல் ஏறத்தாழ 1.5 குதிரைத்திறனே. இன்றோ, அந்நாட்டு ஏரிகளில் 'பாஸ்' என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர், ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள படகில் 250 குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தையும் பூட்டுகின்றனர். அத்தகைய படகு மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விரைய வல்லது.

இவ்வேகத்தை ஆளும் பணி கரையிலேயே தொடங்குகிறது. படகு தாங்கக்கூடிய குதிரைத்திறனுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதனைக் கடந்த இயந்திரத்தைப் பூட்டலாகாது. இயந்திரத்தை மிகத் தாழ்வாகப் பூட்டினால் நீரின் தடை மிகுந்து வேகம் குறையும். மிக உயர்வாகப் பூட்டினாலோ, அதன் விசிறி காற்றை அள்ளிப் பிடிப்பிழக்கும். குளிர்விக்கும் நீரும் உள்ளே செல்லாது. இயந்திரம் சூடேறிப் பழுதுறும். ஆகவே, இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் அதன் பக்கத் துளை வழியே நீர்த்தாரை பாய்கிறதா எனக் காண வேண்டும்.

புறப்படும்போது இயந்திரத்தின் அடிப்பகுதியைப் படகை நோக்கிச் சாய்த்து வைப்பர். அதனால் படகின் முன்பகுதியாகிய அணியம் மிகுதியாக மேலெழாது. ஓட்டுநருக்கு எதிரே உள்ளவை நன்கு தெரியும். படகு நீர்ப்பரப்பின்மேல் வழுக்கிச் செல்லத் தொடங்கிய பின், அதனைச் சிறிது சிறிதாக வெளிப்புறம் சாய்ப்பர். அளவு மீறினால் அணியம் துள்ளும். படகு இருபுறமும் ஆடும். அப்போது வேகத்தைக் குறைத்துச் சாய்வையும் குறைக்க வேண்டும்.

இவையனைத்தையும் அறிந்த ஓட்டுநரும் ஓர் அலையால் தூக்கி எறியப்படலாம். ஓட்டுநர் இல்லாத படகு நிற்பதில்லை. வட்டமிட்டுச் சுழன்று, நீரில் தத்தளிப்பவரை நோக்கியே திரும்பி வரக்கூடும். சுழலும் விசிறி உயிரைப் பறிக்கும். இதனைத் தடுப்பது ஒரு சிறு கயிறு. அதன் ஒரு முனை இயந்திரத்தை நிறுத்தும் விசையிலும், மறுமுனை ஓட்டுநரின் உயிர்காப்புச் சட்டையிலும் இணைக்கப்படும். அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் உடனே நின்றுவிடும்.

26 அடிக்கும் குறைந்த நீளமுள்ள, இவ்விசை பொருத்தப்பட்ட படகுகளை விரைந்து ஓட்டுவோர் பொதுவாக இவ்விணைப்பைப் பூண வேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும், கயிற்றை மாட்ட வேண்டியது ஓட்டுநரின் கையே. செல்லும் தொலைவு சிறிதாயினும், இயந்திரத்தை முடுக்கும் முன் கயிற்றை மாட்டிக்கொள்வதே அவரது முதற்கடமையாகும்.