ஏற்றிவிட்டவர் பொறுப்பு
காட்டுக்குள் ஆட்களை அழைத்துப் போய்த் தொழில் நடத்துபவர்களுக்கு குரங்கணித் தீ விட்டுச் சென்ற கேள்வி

கொழுக்குமலையின் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். தமிழகப் பக்கம் குரங்கணிக்கு இறங்குவது நடைபாதை மட்டுமே.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை, ஈரோடு, திருப்பூரிலிருந்து வந்த 30க்கும் மேற்பட்டோர் அந்தச் சரிவில் இருந்தபோது காய்ந்த புல்லில் தீ பரவியது. பதறி ஓடியவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். முதலில் வந்து சேர்ந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். காயமடைந்தவர்களை டோலி கட்டிச் சுமந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகுதான் வந்தன. மலையிலேயே 9 பேர் இறந்தனர். மருத்துவமனைகளில் சாவு தொடர்ந்து, எண்ணிக்கை 23 ஆனது.

அனுமதி பெற்றது டாப் ஸ்டேஷன் பாதைக்கு, போனது கொழுக்குமலைக்கு என்றது அரசு. தீக்காலத்தில் அவர்களை உள்ளே விட்டது யார் என்ற கேள்வியும் எழுந்தது. வனச்சரகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் கைதானார். ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா விசாரணை நடத்தினார்.

சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். மேலே ஓடுபவரை அது துரத்திப் பிடித்துவிடும். ஏற்கெனவே எரிந்து கருகிய தரையே பாதுகாப்பு. இது சுற்றுலா வந்தவருக்குத் தெரியாது. தெரிந்த வழிகாட்டியை உடன் அனுப்புவதும், காடு காய்ந்திருக்கும்போது பயணத்தையே ரத்து செய்வதும் கட்டணம் வாங்கியவரின் கடமை.

2018லேயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை, வழிகாட்டிகளோடு, அரசே நடத்தத் தொடங்கியது. 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று அவை மூடப்பட்டன. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பழைய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டுகள் சிறை. 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 5 ஆண்டுகள்.

இது மலையேற்றக் குழுக்களோடு முடிகிற விஷயமல்ல. சூரியநெல்லியிலும் மூணாறிலும் புல்வெளி ஓரம் அறையோ கூடாரமோ வாடகைக்கு விடுபவருக்கும் இதே பொறுப்பு உண்டு. சுற்றிலும் காய்ந்த புல்லை அகற்ற வேண்டும். தீ வந்தால் வெளியேற இரண்டாவது வழி வேண்டும். தங்குபவரிடம் அந்த வழியை முன்கூட்டியே காட்ட வேண்டும்.

எந்த மாநில எல்லை, எந்தத் துறையின் நிலம் என்ற வழக்குகள் பிறகு நடக்கலாம். தீ அதையெல்லாம் கேட்டுவிட்டு வருவதில்லை.