ஆர்.வி.யில் குளிர்காலம்: நாம் கதகதப்பாக இருந்தால் போதாது

போன வாரம் ஃபீனிக்ஸில் இருக்கும் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். "கிறிஸ்துமஸ் லீவுக்கு ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுத்துக்கிட்டு கிராண்ட் கேன்யன் போறோம். உள்ளயே ஹீட்டர் இருக்கு, கம்பளியும் எடுத்துக்கறோம். வேற என்னங்க வேணும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூணு வருஷம் முன்னால் இதே கேள்வியை இதே தைரியத்தோடு கேட்டவன்தான் நானும். அரை மணி நேரம் பேசியும் அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆர்.வி. என்றால் படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. எஞ்சினோடு ஓடினால் மோட்டார்ஹோம், காருக்குப் பின்னால் கட்டி இழுத்தால் ட்ரெய்லர். கோடையில் இதைப்போல சுகம் கிடையாது. குளிர்காலத்தில்தான் இது வீடு இல்லை, சுவர் மெலிசான ஒரு பெட்டி என்பது புரியும்.

அரிசோனா என்றாலே பாலைவனம், வெயில் என்று ஒரு நினைப்பு இருக்கிறதல்லவா? அதுதான் முதல் பொறி. ஃபீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு சுமார் 2,100 மீட்டர். நாலு மணி நேரத்துக்குள் ஓட்டிப் போய்விடலாம். புறப்படும்போது அரைக்கைச் சட்டை, போய் இறங்கும்போது காலடியில் பனி. டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் அங்கே சராசரியாகவே மைனஸ் 8 டிகிரி வரை இறங்கும். மோசமான ராத்திரி என்றால் இன்னும் கீழே போகும்.

எங்கள் கதை இப்படி. வண்டியில் இருந்தது ப்ரொப்பேன் கேஸில் ஓடும் ஃபர்னஸ். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை 'பூம்' என்று ஆரம்பித்து ஊதும். பிள்ளைகளால் தூங்க முடியவில்லை. கேஸ் நம் செலவு, ஆனால் முகாமில் கரண்ட் வாடகையோடு சேர்ந்தது. நான் புத்திசாலி இல்லையா! ஃபர்னஸைக் குறைத்து வைத்துவிட்டு, கையோடு கொண்டுபோன 1,500 வாட் எலக்ட்ரிக் ஹீட்டரைப் போட்டேன். சத்தமே இல்லை, உள்ளே 20 டிகிரி, எல்லாரும் நன்றாகத் தூங்கினோம். காலையில் பல் தேய்க்கக் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை.

என்ன நடந்தது என்று பக்கத்து வண்டிக்காரர் விளக்கினார். பத்துப் பதினைந்து குளிர்காலம் பார்த்த பெரியவர். தண்ணீர்க் குழாய்களும் தொட்டிகளும் நாம் நடக்கும் தரைக்கு அடியில் ஒரு மூடிய அறை மாதிரியான இடத்தில் இருக்கின்றன. ஃபர்னஸ் ஊதும் சூடான காற்றில் ஒரு பங்கு அந்த அடித்தளத்துக்கும் போகிறது. குழாய்கள் உறையாமல் இருப்பதே அதனால்தான். எலக்ட்ரிக் ஹீட்டர் நம்மை மட்டும் சூடாக்குகிறது. தெர்மோஸ்டாட் இருப்பது கூடத்தில், அதற்கு 20 டிகிரிதான் தெரியும். "சூடு போதும்" என்று அது ஃபர்னஸை எழுப்பவே இல்லை. நாங்கள் கதகதப்பாக இருந்ததுதான் குழாய் உறைந்ததற்குக் காரணம்.

இதை எழுதுவதற்கே முக்கியக் காரணம் இந்த ஒரு விஷயம்தான். குளிர்காலத்து ஆர்.வி.யில் சூடு வேண்டியது நமக்கு மட்டுமில்லை, தரைக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கும்தான். ஃபர்னஸ் ராத்திரி முழுக்க அவ்வப்போது ஓடியாக வேண்டும். எலக்ட்ரிக் ஹீட்டர் போடலாம், ஆனால் ஃபர்னஸைத் தூங்க வைக்கும் அளவுக்கு இல்லை. ஒயர் இல்லாத ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி, அதன் சென்சாரை பம்ப் பக்கத்திலோ தரைக்கு அடியிலோ வைத்துவிட்டு, தலைமாட்டில் இருந்தபடியே பாருங்கள். அது 3, 4 டிகிரிக்கு இறங்கினால் எழுந்து ஃபர்னஸைக் கூட்டுங்கள். சிங்க் அடியில் இருக்கும் அலமாரிக் கதவுகளை ராத்திரி திறந்தே வையுங்கள், உள்ளே இருக்கும் குழாய்க்கும் சூடு போகட்டும்.

வெயில் ஏறியதும் குழாயில் தண்ணீர் லேசாக வர ஆரம்பித்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். மறுநாள் திரும்பும் வழியில், கேம்ப் வெர்டே பக்கம் இறங்கும்போது, யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் 'டர்ர்ர்' என்று ஓடுகிறது. நின்று பார்த்தால் வண்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகுகிறது. உறைந்த குழாயின் சூழ்ச்சி இது. உடைவது உறையும்போது, தெரிவது உருகும்போது. அதுவரை அந்த ஓட்டையைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருக்கும். எங்கள் வண்டியில் போனது குழாய் இல்லை, முட்டி வளைவில் இருந்த ஒரு பிளாஸ்டிக் ஃபிட்டிங். இப்போதைய ஆர்.வி.க்களில் வரும் பெக்ஸ் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், ஃபிட்டிங்குகளும் வால்வுகளும் கொடுக்காது. டெபாசிட்டில் கணிசமாகப் பிடித்துக்கொண்டார்கள். தப்பு என்னுடையது, வாதாட ஒன்றுமில்லை.

உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் பனிக்கட்டி குழாயின் சுவரை நேராகப் பிளப்பதைவிட, உள்ளே தக்கை போல வளர்ந்து, தனக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரை அழுத்துவதுதான் பெரும்பாலும் சேதத்துக்குக் காரணம். அதனால்தான் வீடுகளில் "குழாயைச் சொட்டச் சொட்ட விடுங்க" என்கிறார்கள், அழுத்தம் வெளியேறட்டும் என்று. ஆர்.வி.யில் இந்த வீட்டு வைத்தியம் இன்னொரு வம்பைக் கொண்டுவரும். சொட்டும் தண்ணீர் எங்கே போகும்? கழிவுத் தொட்டிக்கு. அதன் வால்வைத் திறந்து வைத்திருந்தால் சொட்டுச் சொட்டாக வெளி ஹோஸுக்குள் போய், அடுக்கடுக்காக உறைந்து, விடிவதற்குள் அது ஒரு உலக்கையாகிவிடும். வால்வை மூடி வைத்திருந்தால் தொட்டி நிரம்பி ஷவர் வழியாக மேலே வரும். இரண்டில் எது மேல் என்று கேட்காதீர்கள்.

பெரியவர் சொன்ன வழி எளிமையானது. முகாமின் குழாயோடு ஹோஸை நாள் முழுக்க மாட்டி வைக்காதே. பகலில் வண்டியின் சொந்தத் தொட்டியை நிரப்பு, ஹோஸைக் கழற்றி, தண்ணீரை வடித்து, சுருட்டி உள்ளே வை. ராத்திரி பம்ப் போட்டுப் பயன்படுத்து. வெளியே ஹோஸே இல்லை என்றால் உறைவதற்கும் ஒன்றுமில்லை. கரண்டில் சூடாகும் ஹோஸ் கடையில் கிடைக்கிறது, நீண்ட நாள் தங்குபவர்களுக்கு அது சரி. ஆனால் அந்த ஹோஸ் மாட்டியிருக்கும் முகாமின் குழாயும் உறையாமல் இருந்தால்தான் பலன். கழிவுத் தொட்டி வால்வுகள் எப்போதும் மூடியே இருக்கட்டும், முக்கால் நிரம்பியதும் ஒரே வேகத்தில் திறந்து விடுங்கள். வால்வு இறுகிக்கொண்டால் பலம் போட்டு இழுக்க வேண்டாம், கைப்பிடி கையோடு வந்துவிடும். தொட்டியிலும் சிங்க் அடி வளைவிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கும் ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் கொஞ்சம் ஊற்றலாம். அது ப்ரொப்பிலீன் கிளைக்கால். காரின் ரேடியேட்டருக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது விஷம். குடிதண்ணீர்க் குழாய் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

தண்ணீரின் இன்னொரு தொந்தரவு தலைக்கு மேலே. இரண்டாம் நாள் காலையில் என் மகள், "அப்பா, உள்ளேயே மழை பெய்யுதா?" என்று கேட்டாள். ஜன்னல், கூரை ஓரம், கட்டில் பக்கச் சுவர் எல்லாம் தண்ணீர். ஜில்லென்று மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளிப்புறம் வேர்க்குமே, அதேதான். இங்கே ஜன்னல் கண்ணாடிதான் டம்ளர். தூங்கும் ஒரு ஆள் மூச்சிலும் தோல் வழியாகவும் ராத்திரிக்கு ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீரை வெளியே விடுகிறார். நாலு பேர் என்றால் ஒரு லிட்டர். அதோடு ராத்திரி ரசம் வைத்த ஆவி, காயப்போட்ட ஜாக்கெட். இவ்வளவும் ஒரு சின்னப் பெட்டிக்குள்.

என் முதல் யோசனை எல்லா ஓட்டையையும் அடைப்பது. அது தலைகீழ் வைத்தியம். 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு சுமார் 17 கிராம் ஈரத்தைத் தாங்கும். மைனஸ் 10 டிகிரிக் காற்று 2 கிராம் சொச்சம்தான். அதாவது வெளியே பனி கொட்டினாலும் அந்தக் காற்று எலும்பாகக் காய்ந்தது. அதை உள்ளே விட்டுச் சூடாக்கினால் ஈரத்தைத் துணி போல உறிஞ்சும். ஆகவே கூரை வென்ட்டை இரண்டு விரல்கடை திறந்து, தள்ளி இருக்கும் ஒரு ஜன்னலையும் லேசாகத் திறந்து வையுங்கள். கொஞ்சம் சூடு போகும், போகட்டும். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். மெத்தைக்கு அடியில் காற்றோட்டம் இல்லையென்றால் அங்கே பூஞ்சை பிடிக்கும், பகலில் தூக்கி நிறுத்துங்கள். கனமான திரை போட்டால் நமக்குக் குளிராது, ஆனால் திரைக்குப் பின்னால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து இன்னும் வேர்க்கும். காலையில் துணி எடுத்துத் துடைப்பதைத் தவிர அதற்கு வழி தெரியவில்லை.

கேஸைப் பற்றியும் சொல்லணும். நம்ம ஊர் சமையல் சிலிண்டரில் பியூட்டேனும் ப்ரொப்பேனும் கலந்திருக்கும். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகவே மறுக்கும், ப்ரொப்பேனுக்கு அந்த எல்லை மைனஸ் 42. அதனால் ஆர்.வி.யின் ப்ரொப்பேன் கிராண்ட் கேன்யன் குளிரில் வேலை செய்யும். கையடக்க பியூட்டேன் ஸ்டவ் வெளியே மக்கர் பண்ணும். தீர்ந்துபோவதுதான் பிரச்சினை. 9 கிலோ சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யூ. வெப்பம் இருக்கிறது. 30,000 பி.டி.யூ. ஃபர்னஸ் நிற்காமல் ஓடினால் 14 மணி நேரம், பாதி நேரம் ஓடினால் ஒரு நாளுக்குச் சற்று மேல். ராத்திரி மூணு மணிக்கு கேஸ் தீர்ந்தால் என்ன பண்ணுவீர்கள்? இரண்டாவது சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று படுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாதது, கேஸ் ஃபர்னஸுக்குக் கரண்டும் வேண்டும். ஊதும் ஃபேன் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது, சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். வெளிக் கரண்ட் இல்லாத முகாமில் 12 மணி நேர ராத்திரியில் பாதி நேரம் ஓடினாலே 42 ஆம்பியர்-ஹவர். 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் நிம்மதியாக எடுக்கலாம், குளிரில் அதுவும் குறையும். கேஸ் நிறைய இருந்தும் குளிரில் நடுங்குபவர்களின் கதை இதுதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் வேறு விதி. 0 டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். நல்ல பேட்டரிகள் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். வெயில் அடித்தும் சோலார் ஏறவில்லையே என்று குழம்ப வேண்டாம். பேட்டரியை வண்டிக்கு உள்ளே, சூடான இடத்தில் வைப்பதே நல்லது.

வாரக்கணக்கில் தங்குபவர்கள் வண்டிக்குப் 'பாவாடை' கட்டுவார்கள். ஸ்கர்ட்டிங் என்பது அதுதான், தரைக்கும் வண்டிக்கும் நடுவே காற்று புகாமல் ஃபோம் பலகையோ கனமான வினைலோ வைத்து மறைப்பது. காற்று அடியில் வீசாமல் இருந்தாலே பாதிப் போர் முடிந்தது. மூணு ராத்திரிக்கு அதெல்லாம் வேண்டாம். கட்டினாலும் ஃபர்னஸ் புகைவாயை மூடிவிடாதீர்கள், பக்கத்தில் ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள். புகை பாவாடைக்குள் தேங்கி, தரை வழியாக உள்ளே வரும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்கு அது எதையும் சொல்லாது. சூட்டுக்காக சமையல் அடுப்பை எரிய விடுவது, கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது, இரண்டையும் எந்தக் குளிரிலும் செய்யக் கூடாது. வண்டியின் ஃபர்னஸ் புகையை வெளியே தள்ளும், பின்னால் வாங்கி வைக்கும் சின்ன கேஸ் ஹீட்டர்கள் பல தள்ளாது. அவை ஆக்ஸிஜனைத் தின்பதோடு, ஒரு கிலோ ப்ரொப்பேனுக்கு சுமார் 1.6 லிட்டர் தண்ணீரையும் ஆவியாக உள்ளேயே விடும். பனி கொட்டிய காலையில் முதல் வேலை, வெளியே போய் ஃபர்னஸ் புகைவாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. காபி அதற்கப்புறம்.

நண்பரிடம் கடைசியாகச் சொன்னது, வண்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் முன் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்பக்கத்தைப் பாருங்க என்பது. தேதி போட்டிருக்கும், அந்த சென்சாருக்கு ஆயுள் சில வருஷம்தான். டெஸ்ட் பட்டன் அமுக்கினால் கத்துவது பேட்டரியும் சத்தமும் சரி என்பதற்கு மட்டும் சாட்சி. "ஃபோர் சீஸன்னு போட்டிருக்காங்களே?" என்று கேட்டார். அது விளம்பர வார்த்தை, அதற்குப் பொதுவான அளவுகோல் ஒன்றும் கிடையாது. குழாய் எங்கே ஓடுது, அங்கே ஃபர்னஸ் காற்று போகுதான்னு மட்டும் கேளுங்க என்றேன். ஒயர் இல்லாத அந்த தெர்மாமீட்டர் என்னிடம் சும்மாதான் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.