வட்டைத் துரத்த வேண்டாம், வழியை மறியுங்கள்!

வீடியோ திரையில் ஐஸ் ஹாக்கி ஆடியிருக்கிறீர்களா? முதன்முதலாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே செய்வார்கள். எதிரணி வீரன் கோலை நோக்கி வருவதைக் கண்டதும் தங்கள் தடுப்பாளனை அவன்மீது பாயவிடுவார்கள். அவன் லேசாக ஒதுங்குவான். பாய்ந்தவன் நிற்க முடியாமல் வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போய்விடுவான். அவன் திரும்புவதற்குள் கோல் விழுந்திருக்கும்!

ஏன் இப்படி நேர்கிறது? விரல்களில் வேகம் போதவில்லையா? இல்லை. இதற்கு விடை உங்கள் பௌதிகப் பாடத்திலும் கணக்குப் பாடத்திலும் இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் பந்து கிடையாது. 'பக்' எனப்படும் ரப்பர் வட்டைத்தான் மட்டையால் தள்ளுகிறார்கள். அதன் குறுக்களவு 3 அங்குலம். கனம் 1 அங்குலம். கோலின் அகலம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். உயரம் 4 அடி. இந்தச் சிறிய வாசலைக் காப்பதுதான் தடுப்பாளரின் வேலை.

பனிக்கட்டி விடாது!

சைக்கிளில் வேகமாகப் போகும்போது தெருமுனையில் சட்டென்று திரும்ப முடிகிறதா? அகலமாக வளைந்துதானே திரும்புகிறீர்கள்? பக்கவாட்டுப் பிடிப்பு மாறாமல் இருக்கும்போது, வேகம் இரு மடங்கானால் திரும்பும் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகிவிடும். பனிக்கட்டியிலோ உராய்வு மிகக் குறைவு. ஒரு திசையில் பாய்ந்தவன் அந்தத் திசையிலேயே போய்க்கொண்டிருப்பான். இதுதான் நிலைமம்.

விளையாட்டுகளை அமைத்தவர்கள் இந்த நிலைமத்தையும் எண்களாக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். நின்டெண்டோ நிறுவனம் 1988-இல் வெளியிட்ட 'ஐஸ் ஹாக்கி'யில் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று மூன்று வகை வீரர்கள் உண்டு. ஒல்லியானவன் விரைவாக ஓடுவான். ஆனால் மோதினால் எளிதில் விழுந்துவிடுவான். பருமனானவன் மெதுவாக நகர்வான். அவனை வீழ்த்துவதோ கடினம்.

ஐந்தில் ஒரு வினாடி

கண் பார்த்ததை மூளை உணர்ந்து விரல் பொத்தானை அழுத்தச் சுமார் 0.2 வினாடி ஆகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

எதிரி வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறான் என்று கொள்வோம். உங்கள் தடுப்பாளன் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் அவனை நோக்கிப் பாய்கிறான். இருவரும் நெருங்கும் வேகம் 14 மீட்டர். நீங்கள் பொத்தானை அழுத்தும் 0.2 வினாடிக்குள் 2.8 மீட்டர் இடைவெளி மறைந்துவிடும்! எதிரி எந்தப் பக்கம் ஒதுங்கினான் என்று தெரிந்தும் பயன் இல்லை.

மாறாக, தடுப்பாளன் எதிரியைப் பார்த்தபடியே வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகரட்டும். இப்போது நெருங்கும் வேகம் 1 மீட்டர்தான். அதே 0.2 வினாடியில் குறைவது வெறும் 20 சென்டிமீட்டர். பார்க்கவும் யோசிக்கவும் நேரம் கிடைத்துவிட்டது அல்லவா?

கோணத்தைக் குறைப்போம்

நேரம் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வது? எதிரியை நடுப்பகுதிக்கு விடாமல் ஓரத்துக்குத் தள்ள வேண்டும். கோலுக்கு நேர் எதிரே 9 மீட்டர் தூரத்தில் நிற்பவனுக்குக் கோல் வாய் ஏறக்குறைய 11.6 பாகைக் கோணத்தில் திறந்திருக்கும். அதே தூரத்தில் 45 பாகை பக்கமாக விலகினால் அது சுமார் 8 பாகையாகும். 75 பாகை விலகினாலோ 3 பாகைதான்! நீங்கள் வட்டைத் தொடவே இல்லை. ஆனால் கோல் வாயில் முக்கால் பங்கை மூடிவிட்டீர்கள்.

இருவர் வந்தால்?

இரண்டு எதிரிகள் வருகிறார்கள். உங்களிடம் ஒரே தடுப்பாளன். இப்போது வட்டை வைத்திருப்பவன்மீது பாயத் தோன்றும். அது தவறு. வட்டு ஒருவனிடம் இருக்கும்போது கோல் காவலர் அவனைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார். வட்டு மற்றவனுக்குக் கைமாறினால் காவலர் குறுக்கே நகர்ந்தாக வேண்டும். வந்த வட்டை நிறுத்தாமலே அடிக்கும் முறை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் என்.ஹெச்.எல். '94 விளையாட்டில் 1993-இல் இடம்பெற்றது. காவலர் நகர்ந்து முடிப்பதற்குள் அடி விழுந்துவிடும். ஆகையால் தடுப்பாளன் இருவருக்கும் நடுவே நின்று கைமாற்றும் பாதையை மறிக்க வேண்டும். நேராக வரும் அடியைக் காவலர் பார்த்துக்கொள்வார்.

யாரை இயக்குவது?

நீங்கள் ஒரு சமயத்தில் ஒரு வீரனைத்தான் இயக்குகிறீர்கள். மற்றவர்களைக் கம்ப்யூட்டர் இயக்குகிறது. கடைசித் தடுப்பாளனை நீங்கள் வெளியே இழுத்துக்கொண்டு போனால் அவன் இடம் காலியாகிவிடும். ஆகவே முன்வரிசை வீரன் ஒருவனை எடுத்துக்கொண்டு எதிரியைப் பின்னாலிருந்து நெருக்குங்கள். பின்வரிசை தன் இடத்தில் நிற்கட்டும்.

மட்டையை நீட்டி வட்டைத் தட்டிவிடும் பொத்தானையும் ஓயாமல் அழுத்தாதீர்கள். மட்டை குறி தவறி எதிரியின் காலில் பட்டு அவன் விழுந்தால் உங்கள் ஆள் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டியதுதான். வட்டு மட்டைக்கு எட்டும் தூரத்தில் வந்த பிறகு ஒரே ஒரு முறை அழுத்துங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் 1.8 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடு வரையுங்கள். அதுதான் கோல். அதன் நடுப்புள்ளியை மையமாக வைத்து 9 சென்டிமீட்டர் ஆரத்தில் அரைவட்டம் போடுங்கள். அரைவட்டத்தில் ஐந்தாறு புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் கோலின் இரு முனைகளுக்கும் கோடு இழுத்துக் கோணமானியால் அளவெடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போகக் கோணம் சுருங்குவதை நீங்களே காண்பீர்கள். அதன் பிறகு திரைக்கு முன் உட்காருங்கள். எதிரி வரும்போது பாய வேண்டும் என்று கை துடிக்கும். பாயாமல் பின்வாங்கிப் பாருங்கள்!