மேல் மண்ணைக் காக்கும் குளிர்ந்த சுவர்

கோடையில் இரவு பத்து மணி ஆகியும் வீட்டின் மேற்குச் சுவர் சுடுவதை மீஞ்சூர், பொன்னேரி வட்டார உழவர்கள் நன்கு அறிவர். மின்விசிறி ஓடினாலும் அனல் காற்றே வீசுகிறது. மின் கட்டணமும் ஏறுகிறது. புதிதாக வீடு கட்டுவோர் சுவர் கட்டும் முறையிலேயே இந்த வெப்பத்தைக் குறைத்துக் கொள்ளலாம். வயலின் மேல் மண்ணையும் காத்துக் கொள்ளலாம்.

சுவர் சுடுவது ஏன்?

பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில் நேராக விழுகிறது. 9 அங்குலக் கெட்டிச் சுவர் அந்த வெப்பத்தை உள்வாங்கி, சில மணி நேரம் கழித்து அறைக்குள் விடுகிறது. சுவரின் நடுவே காற்று அடைபட்டிருந்தால் வெப்பம் உள்ளே வருவது குறையும். அடைபட்ட காற்று, செங்கல்லைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும்.

எலிப்பொறிக் கட்டு

இதற்கு ஏற்றது எலிப்பொறிக் கட்டு. கேரளத்தில் இதைப் பரப்பியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007). செங்கற்களைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்திக் கட்ட வேண்டும். இரு வரிசைகளுக்கும் நடுவே சுமார் 3 அங்குல இடைவெளி கிடைக்கும். சுவரின் கனம் அதே 9 அங்குலம்தான். ஆனால் செங்கல் செலவில் சுமார் கால் பங்கு மிச்சமாகும். அடி வரிசை, மேல் வரிசை, கதவு, சன்னல் ஓரங்கள் ஆகியவற்றைக் கெட்டியாகவே கட்ட வேண்டும். இடைவெளியில் கலவை விழாமல் கொத்தனார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கல்?

10,000 சூளைச் செங்கல்லுக்குச் சுமார் 30 டன் மண் தேவை. அரை அடி ஆழத்தில் வெட்டினால், 3 முதல் 4 சென்ட் நிலத்தின் வளமான மேல் மண் அதில் போய்விடும். இழந்த வளம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும்.

அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையத்தில் சாம்பலோ மலையாகக் குவிகிறது. நம் நாட்டு நிலக்கரி 100 கிலோ எரிந்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனவர் பிழைப்பு கெட்டதும் தெரிந்ததே. செங்கல்லுக்காக மேல் மண் வெட்டப்படுவதைக் குறைக்கவும், சாம்பலைப் பயன்படுத்தவும் மத்திய அரசு 1999-இல் ஆணை பிறப்பித்தது.

சாம்பல் கல்லைச் சூளையில் சுட வேண்டியதில்லை; நல்ல நீரில் 2 முதல் 3 வாரம் பதப்படுத்தினால் போதும். உப்பு நீர் கூடாது. வாங்கும்போது ஒரு கல்லைச் சோதித்துப் பார்க்கவும். 3 கிலோ எடையுள்ள காய்ந்த கல், 24 மணி நேரம் நீரில் ஊறிய பின் 600 கிராமுக்கு மேல் எடை கூடலாகாது. சாம்பல் கல்லால் மட்டும் வீடு குளிர்ந்துவிடாது; இடைவெளிதான் வெப்பத்தைத் தடுக்கிறது.

பழைய வீட்டிற்கு

ஏற்கெனவே கட்டிய வீடானால், மேற்குச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பந்தலிட்டு அவரை, சுரை, புடல் படர விடலாம். நிழலும் கிடைக்கும்; காய்கறியும் கிடைக்கும். கூரை வழியே இறங்கும் வெப்பம் தனி. ஆகவே மொட்டை மாடிக்கும் கோடைக்கு முன் சுண்ணாம்பு பூசுவது நன்று.

மாடி எடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் பொறியாளரைக் கலந்த பின்னரே எலிப்பொறிக் கட்டைத் தொடங்க வேண்டும்.